முழுகாமல் இருப்பது யாருக்கு முதலில் தெரியும்?

இந்த எபிசோடுக்கு விதை போட்டது ஒரு நேயரோட கேள்வி. நாள் தள்ளிப்போய் மூணே நாள்தான் ஆகுதாம். வீட்டிலேயே கிட் வாங்கிப் பார்த்திருக்காங்க, ரெண்டு கோடு வந்திருக்கு. டாக்டர்கிட்ட போனா, "நாலு வாரம் தாண்டியாச்சு"ன்னு சொல்லியிருக்கார். "எங்க கணக்குப்படி ரெண்டு வாரம்தானே ஆகணும், மீதி ரெண்டு வாரம் எங்கிருந்து வந்துச்சு?" இதுதான் கேள்வி. நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் சொல்ல ஜெர்மனி வரைக்கும் போகணும்.

ஹைடெல்பெர்க் நகரத்தில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஃப்ரான்ஸ் நேகெலே என்ற மகப்பேறு மருத்துவர் இருந்தார். கடைசியாக மாதவிடாய் வந்த முதல் நாளை எடுத்துக்கோங்க, மூணு மாசம் கழிச்சு ஏழு நாள் கூட்டுங்க, அதுதான் அடுத்த வருஷத்துப் பிரசவத் தேதி. கிட்டத்தட்ட 280 நாள். இன்னைக்கும் உங்க டாக்டர் போடுவது இந்தக் கணக்குதான். கரு உருவான நாளிலிருந்து ஏன் எண்ணவில்லை? அந்த நாள் யாருக்கும் தெரியாதே! பாலூட்டிகளுக்குக் கருமுட்டை என்று ஒன்று இருப்பதை கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் கண்டு சொன்னதே 1827இல்தான், அதுவும் ஒரு நாயிடம். மாதத்தில் எந்த நாட்களில் முட்டை வெளிவரும் என்பதை ஜப்பானில் ஓகினோவும் ஆஸ்திரியாவில் க்னாவுஸும் தனித்தனியாகக் கணித்தது 1920களில். அதுவரை கண்ணுக்குத் தெரிந்த ஒரே தேதி மாதவிடாய்த் தேதி. அதனால்தான் கரு இல்லாத முதல் ரெண்டு வாரமும் கர்ப்பக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

நம்ம மொழி இதே கணக்கை ரொம்ப காலமாகப் போட்டு வைத்திருக்கு. "முழுகாம இருக்கா" என்கிறோமே, யோசிச்சுப் பாருங்க. தீட்டு முடிந்து தலைமுழுகும் நாள் வரவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். கருவைப் பற்றி அந்தச் சொல்லில் ஒன்றுமே இல்லை, நடக்காமல் போன ஒரு குளியல்தான் இருக்கு. மசக்கைக்குச் சங்க காலத்துச் சொல் வயா. புறநானூற்றின் 20ஆம் பாடலில், சேர மன்னன் ஒருவனின் மண்ணைக் கர்ப்பிணிப் பெண்கள் ஆசைப்பட்டு உண்பார்களே தவிர, பகைவர்களால் கொள்ள முடியாது என்று புலவர் பாராட்டுகிறார். மண் தின்னும் ஆசை அரசனைப் புகழ உவமையாகும் அளவுக்கு ஊரறிந்த அடையாளமாக இருந்திருக்கு.

ஆனா மசக்கை எல்லோருக்கும் வராது. நாள் தள்ளிப்போக நூறு காரணம் உண்டு. உறுதியான அடையாளம் என்று பல சமூகங்கள் எடுத்துக்கொண்டது, குழந்தை வயிற்றில் அசைவதைத் தாய் உணர்வதை. முதல் பிரசவத்தில் அதற்குப் பதினெட்டு, இருபது வாரம்கூட ஆகும். அதுவரைக்கும் அது ஒரு சந்தேகம் மட்டுமே. இங்கிலாந்தின் சட்டமே அந்த அசைவை ஒரு எல்லையாக வைத்திருந்தது. 1860இல் எழுதப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 312ஆவது பிரிவில் அந்த எல்லை அப்படியே வந்து உட்கார்ந்தது: கருக்கலைப்புக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அசைவு தெரிந்த பிறகு என்றால் ஏழு ஆண்டு வரை. 1971இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் வந்து விதிவிலக்குகள் கொடுத்தது. 2024 ஜூலையில் தண்டனைச் சட்டமே மாறி பாரதிய நியாய சன்ஹிதா ஆனது. அதன் 88ஆவது பிரிவைப் படிச்சுப் பாருங்க, அந்த அசைவு அங்கேயும் இருக்கு.

இப்ப சோதனைகளுக்கு வருவோம். எகிப்தில் சுமார் 3,300 வருஷத்துக்கு முன்னாடி எழுதிய ஒரு பாப்பிரஸ் சுவடி பெர்லினில் இருக்கு. கோதுமை, பார்லி விதைகள் மேல் அந்தப் பெண் தினமும் சிறுநீர் கழிக்கணும், முளைத்தால் கர்ப்பம். சிரிக்காதீங்க. 1963இல் எகிப்திய ஆய்வாளர்கள் இதைச் செய்தே பார்த்தார்கள். கர்ப்பிணிகளின் சிறுநீரில் சுமார் 70 சதவீதம் விதைகளை முளைக்க வைத்தது. ஆணா பெண்ணா என்று விதையை வைத்துச் சொன்ன பகுதி மட்டும் பொய்த்துப்போனது.

1927இல், அதே பெர்லினில், செல்மார் ஆஷ்ஹைம், பெர்ன்ஹார்ட் சோண்டெக் என்ற ரெண்டு மருத்துவர்கள் சிறுநீரில் என்ன இருக்கிறது என்பதைப் பிடித்தார்கள். பருவமடையாத பெண் சுண்டெலிகளுக்கு அந்தப் பெண்ணின் சிறுநீரை ஊசியாகப் போடுவார்கள். நாலஞ்சு நாள் கழித்து எலியைக் கொன்று அறுத்து, சூலகத்தைப் பார்ப்பார்கள். அது பருத்து, ரத்தப் புள்ளிகள் தெரிந்தால் கர்ப்பம். ஒரு பெண்ணின் சோதனைக்கு வழக்கமாக ஐந்து எலி. இன்னைக்கு ஹெச்.சி.ஜி. என்கிறோமே, கரு கருப்பையில் ஒட்டிக்கொண்டதும் சுரக்கத் தொடங்கும் அந்த ஹார்மோனின் வேலைதான் அது. ரெண்டு பேரும் யூதர்கள். 1933க்குப் பிறகு ஜெர்மனியில் இருக்க முடியாமல் ஒருவர் பாரிஸுக்குப் போனார், மற்றவர் கடைசியில் ஜெருசலேமுக்கு.

எலிக்குப் பிறகு அமெரிக்காவில் முயல். "முயல் செத்துப்போச்சு" என்றால் அங்கே கர்ப்பம் என்று பேச்சுவழக்கே உண்டாச்சு. உண்மையில் முடிவு எதுவானாலும் முயல் செத்துத்தான் ஆகணும், அறுத்தால்தானே சூலகம் தெரியும். தவளைக்கு மட்டும் அந்தக் கதி வரவில்லை. 1930 வாக்கில் கேப் டவுனில் வேலை பார்த்த லான்சலாட் ஹாக்பென், ஸீனோபஸ் என்ற நகமுள்ள ஆப்பிரிக்கத் தவளைக்கு ஒரு ஹார்மோன் சாற்றை ஊசியாகப் போட்டார். அது முட்டையிட்டது. அதிலிருந்து வந்த சோதனையில், காலையில் ஊசி போட்டால் மறுநாளுக்குள் தொட்டியில் முட்டை இருக்கும், இல்லாட்டி இருக்காது. தவளையைக் கொஞ்ச நாள் ஓய்வுக்கு விட்டு மறுபடி பயன்படுத்தலாம். தென்னாப்பிரிக்கத் தவளைகள் கண்டம் கண்டமாகக் கப்பலேறின.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது தவளை இல்லை. எடின்பரோவில் 1929இலேயே கர்ப்பம் கண்டறிய ஒரு தனி நிலையம் திறந்தாச்சு. மாதிரிகள் தபாலில் வரும். ஆனா மருத்துவர் அனுப்பினால்தான் எடுத்துக்கொள்வார்கள், பதிலும் மருத்துவருக்குத்தான் போகும். அவர் சொல்லணும் என்று நினைத்தால் அந்தப் பெண்ணுக்குத் தெரியும். நம்ம பழைய சினிமாவில் கதாநாயகி மயங்கி விழுந்ததும் டாக்டர் நாடி பிடிச்சுட்டு, வெளியே வந்து கணவன்கிட்ட "நீங்க அப்பா ஆகப்போறீங்க" என்பாரே, அந்தக் காட்சியில் அவளுக்கு யார் சொன்னாங்கன்னு எப்பவாவது யோசிச்சிருக்கீங்களா?

1950களில் இதற்கு ஒரு குறுக்குவழி வந்தது, மோசமான குறுக்குவழி. அதிக அளவு ஹார்மோன் மாத்திரையைப் பெண்ணுக்கே கொடுத்துவிடுவது. உதிரப்போக்கு வந்தால் கர்ப்பம் இல்லை, வராவிட்டால் கர்ப்பம். பிரிட்டனில் ப்ரிமோடாஸ் என்ற பெயரில் இதை விற்றார்கள். 1967இல் இசபெல் கால் என்ற மருத்துவர், முதுகுத்தண்டு மூடாமல் பிறந்த குழந்தைகளின் தாய்மார்கள் பலர் இத்தகைய மாத்திரை சாப்பிட்டிருந்ததைக் கவனித்து எச்சரித்தார். மாத்திரை சந்தையை விட்டுப் போனது 1978இல். அதுதான் காரணம் என்று நிரூபிக்க ஆதாரம் போதாது என 2017இல் ஒரு நிபுணர் குழு சொன்னது. 2020இல் வந்த இன்னொரு விசாரணை, 1967லேயே அதை நிறுத்தியிருக்கணும் என்றது. நான் ரெண்டாவது கட்சி. சிறுநீரை வெளியே வைத்துச் சோதிக்க வழி இருக்கும்போது, உறுப்புகள் உருவாகும் வாரங்களில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது எந்த வகையில் சோதனை?

இந்தியாவில் இது இன்னும் நீண்டது. ஈஸ்ட்ரோஜன், ப்ரொஜஸ்டிரோன் கலந்த இந்த மருந்துகளை இங்கே கர்ப்பச் சோதனைக்கும் கொடுத்தார்கள், கருவைக் கலைக்கும் என்று நம்பியும் வாங்கினார்கள். கலைக்கவும் செய்யாது. 1982இல் அரசு தடை போட்டது, நிறுவனங்கள் நீதிமன்றத்தில் தடைக்கே தடை வாங்கின. பெண்கள் அமைப்புகளும் மருத்துவர்கள் சிலரும் விடாமல் போராடி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1988இல்தான் அதிக அளவு கலவை மருந்துகள் தடை செய்யப்பட்டன. ஆறு வருஷம்.

1967இல் இன்னொன்றும் நடந்தது. அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் ஆர்கனான் என்ற மருந்து நிறுவனத்துக்கு அழகுப் பொருட்களுக்கான டிசைன் வேலைக்காக மார்கரெட் கிரேன் என்ற 26 வயதுப் பெண் வந்திருந்தார். ஆய்வகத்தில் வரிசையாகச் சோதனைக் குழாய்கள், அடியில் கண்ணாடி. என்ன இதுன்னு கேட்டார். கர்ப்பச் சோதனை, குழாயின் அடியில் செந்நிற வளையம் தெரிந்தால் கர்ப்பம் என்றார்கள். ஸ்வீடனில் 1960இல் வைடும் கெம்ஸெலும் விலங்கே தேவைப்படாத முறையைக் கண்டுபிடித்திருந்தார்கள், அதன் வழிவந்த சோதனை அது. இவ்வளவுதானா, இதை ஒரு பெண் வீட்டிலேயே செய்யலாமே என்று கிரேனுக்குத் தோன்றியது. தன் மேசையில் கிடந்த பேப்பர் கிளிப் டப்பாவை மாதிரியாக வைத்து ஒரு பெட்டியை வடிவமைத்தார். நிறுவனத்துக்குப் பிடிக்கவில்லை. டாக்டர்கள்தானே நம்ம வாடிக்கையாளர்கள் என்றார்கள். பிறகு மனசு மாறி, காப்புரிமையைக் கிரேன் பெயரில் எடுத்து, உரிமையை ஒரு டாலருக்கு எழுதி வாங்கிக்கொண்டார்கள். அந்த ஒரு டாலர் கடைசி வரை கைக்கு வரவில்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கார். 1971இல் கனடாவில் அது விற்பனைக்கு வந்தது. ரெண்டு மணி நேரம் அசைக்காமல் வைக்கணும். குச்சியில் கோடு தெரிகிற இன்றைய வடிவம் 1988இல் வந்தது.

சீக்கிரமே தெரிவதில் ஒரு விலை இருக்கு, அதையும் சொல்லணும். அமெரிக்காவில் வட கரோலினாவில் குழந்தைக்கு முயன்ற 221 பெண்களின் சிறுநீரை ஆலன் வில்காக்ஸ் குழு தினமும் சோதித்து 1988இல் முடிவை வெளியிட்டது. 198 கர்ப்பங்கள். அதில் 22 சதவீதம், யாரும் கர்ப்பம் என்று அறியும் முன்பே முடிந்துபோனது. நம்ம பாட்டிமார்களுக்கு அது நாலு நாள் தள்ளி வந்த தீட்டு. இன்னைக்கு அதுக்கு முன்னாலேயே ரெண்டு கோட்டைப் பார்த்துவிடும் பெண்ணுக்கு அது ஒரு இழப்பு. பெரும்பாலும் கருவின் குரோமோசோம் கோளாறுதான் காரணம், அவள் மாடிப்படி ஏறியதோ பப்பாளி சாப்பிட்டதோ இல்லை. வீட்டில் பெரியவங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, இந்த இடத்தைக் கொஞ்சம் சத்தமா வைங்க.

சீக்கிரம் தெரிவதால் உண்மையான பயனும் உண்டு. குழந்தையின் முதுகுத்தண்டாக மாறப்போகும் குழாய், கரு உருவாகி 28 நாளுக்குள் மூடிவிடும், டாக்டர் கணக்கில் ஆறு வாரம். அதற்கு முன் ஃபோலிக் அமிலம் உடம்பில் இருக்கணும். ஏற்கெனவே அப்படி ஒரு குழந்தை பிறந்த தாய்மாரிடம் நடத்திய ஆய்வில், அது மறுபடி நேருவதை ஃபோலிக் அமிலம் 72 சதவீதம் தடுத்தது என்று 1991இல் தெரிந்தது. அதனால் குழந்தைக்கு முயலும்போதே தினம் 400 மைக்ரோகிராம் தொடங்கச் சொல்கிறார்கள். லேசான உதிரக்கசிவு பலருக்கு வரும், கேட்டுத் தெளிவாகிக்கோங்க. ஒரு பக்கமாகக் கடும் வயிற்றுவலி, தலைசுற்றல், உதிரப்போக்கு என்றால் கரு குழாயிலேயே தங்கியிருக்கலாம். அப்ப காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

நம்ம ஊரில் கிராமச் சுகாதார செவிலியர்கிட்ட 12 வாரத்துக்குள் பதிவு செய்தால்தான் முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகை ஒழுங்காக வரும், அதையும் மறந்துடாதீங்க.

அடுத்த எபிசோடில் ஸ்கேன். க்ளாஸ்கோவில் உலோகத்தில் விரிசல் பார்க்கும் கருவியை இயன் டொனால்ட் என்ற மருத்துவர் எப்படி வயிற்றின் மேல் வைத்தார் என்ற கதையோடு வர்றேன். அதுவரைக்கும் கேள்விகளை அனுப்பிக்கிட்டே இருங்க.