வயிறும் மருந்தும்: மலைநாட்டு வரலாறு தரும் பாடம்

கண்டியின் வரலாறு என்றவுடன் தலதா மாளிகையும், 1815ஆம் ஆண்டு உடன்படிக்கையும், மகாவலி கங்கையைக் கடந்து வந்த படைகளுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆயினும், அரண்மனைச் சுவடிகளில் இடம்பெறாத பிறிதொரு வரலாறும் இம்மலைகளுக்கு உண்டு. அது குழந்தைகளின் வயிற்றைப் பற்றிய வரலாறு. அவ்வயிற்றைக் குணப்படுத்த வந்த எண்ணெய்களையும் மாவுகளையும் பற்றிய வரலாறு. அதனை இன்று சிறிது நினைவுகூர்வது நம் பிள்ளைகளின் நலத்திற்குப் பெரிதும் துணையாகும் என்று கருதுகின்றேன்.

அதற்குக் காரணம் உண்டு. மதியிறுக்கம் என்றும், ஓட்டிசம் என்றும் கூறப்படும் நிலையோடு பிறக்கும் குழந்தைகள் நம்மிடையே உளர். நம் நாட்டின் பகுதியொன்றில் நிகழ்த்தப்பெற்று 2009ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, 18 மாதம் முதல் 24 மாதம் வரையுள்ள குழந்தைகளுள் ஏறத்தாழ 93 பேருக்கு ஒருவரிடம் இந்நிலையைக் கண்டது. இப்பிள்ளைகட்கு மலச்சிக்கல், வயிற்றோட்டம், வயிற்றுவலி முதலியன ஏனைய பிள்ளைகளைக் காட்டிலும் மிகுதியாக உண்டாகின்றன. பலர் தம் வேதனையை வாய்விட்டுக் கூறும் ஆற்றல் அற்றவர்கள். இந்நிலையில், “இந்தத் தூளைக் கொடுங்கள், வயிறும் திருந்தும், வாயும் பேசும்” என்று எவரேனும் கூறினால், பெற்ற மனம் அதனை நம்பாமல் இருக்குமா? போசாக்கு மாத்திரைகளும், துளி மருந்துகளும், செய்தித் துண்டுகளும் கண்டித் தெருவிலிருந்து தோட்டத்து லயன் வரை சென்று சேர்கின்றன. அவற்றைப் பற்றி எவ்வாறு சிந்திப்பது என்பதை நம் மலைநாட்டின் பழைய அனுபவமே கற்பிக்கின்றது.

லூல்கந்துரத் தோட்டத்திலே 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டதை நாம் அறிவோம். அப்பயிரை வளர்க்கத் தென்னிந்தியாவிலிருந்து வந்த மக்கள் நெருக்கமான லயன்களிலே குடியிருத்தப்பட்டனர். மலசலகூடங்கள் அங்கு அருமையாகவே இருந்தன; காலணி அணியும் வழக்கமும் இல்லை. ஈரமும் நிழலும் நிறைந்த அம்மண்ணிலே கொளுக்கிப் புழு பெருகியது. இப்புழுவின் இளம் பருவம் வெறுங்காலின் தோலைத் துளைத்து இரத்தத்திற் கலந்து, நுரையீரலை அடைந்து, தொண்டை வழியாகச் சிறுகுடலுக்குச் செல்கின்றது. அங்கே குடற்சுவரைக் கவ்விக்கொண்டு நாள்தோறும் குருதியை உண்கின்றது.

அதன் விளைவு யாது? பிள்ளையின் முகம் வெளிறும், வயிறு பருக்கும், நடந்தால் மூச்சு வாங்கும், சில பிள்ளைகள் மண்ணை அள்ளித் தின்பர். பாடத்திலே கருத்துச் செல்லாது. இத்தகைய பிள்ளையைச் சோம்பேறி என்றும் மந்தபுத்தி என்றும் பெரியவர்கள் ஏசினர். கங்காணி ஏசினான், உபாத்தியாயர் ஏசினார், சில வேளைகளிற் பெற்றோரும் ஏசினர். குடலிலே இருந்த நோயைக் குணத்தின் குற்றமாகக் கண்டனர். இதுவே வரலாறு காட்டும் முதலாவது தவறு.

1916ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றத்தின் துணையோடு மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே கொளுக்கிப் புழு ஒழிப்பு வேலை தொடங்கிற்று. மக்களை வரிசையாக நிறுத்திப் புழுக்கொல்லி மருந்தை ஊட்டினர். பின்னர் பேதியுப்பும் கொடுத்தனர். அக்காலத்து மருந்துகளுள் ஒன்று கீனோபோடியம் என்னும் செடியின் எண்ணெய். செடியிலிருந்து கிடைப்பதுதானே, என்ன கேடு வந்துவிடும் என்று எண்ண வேண்டா. புழுவைக் கொல்லும் அளவிற்கும் பிள்ளையைக் கொல்லும் அளவிற்கும் இடையே அதிற் சிறிய இடைவெளியே இருந்தது. ஒரு புட்டியின் வீரியம் மறு புட்டியில் இராது. அளவு மிஞ்சினால் தலைசுற்றலும் செவிட்டுத்தன்மையும் வலிப்பும் உண்டாகும். உலகின் பல பாகங்களில் இவ்வெண்ணெயினால் உயிரிழந்தோருட் குழந்தைகள் பலர்.

அதற்கு மாற்றாகக் காபன் நாற்குளோரைட்டு என்னும் திரவம் வந்தது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் மோரிஸ் ஹோல் 1921ஆம் ஆண்டில் அதனை நாய்களிற் சோதித்தார், தாமும் சிறிது விழுங்கிப் பார்த்தார், தீங்கில்லை என்றார். இலங்கையிலும் அது வழக்கிற்கு வந்தது. ஆனால் அது கல்லீரலைத் தாக்கும் விதத்தை இலங்கையிற் பணியாற்றிய வைத்தியர்களே 1922, 1923ஆம் ஆண்டுகளில் மருத்துவ ஏட்டில் எழுதினர். உடலிற் கல்சியம் குன்றியவர்க்கும் மது அருந்துவோர்க்கும் அது பெருங்கேடு செய்வதும் பின்னரே தெளிவாயிற்று. ஆரோக்கியமான ஓர் ஆராய்ச்சியாளர் தாங்கிக்கொண்ட அளவு, அரைவயிறு உண்ட ஒருவருக்கு நஞ்சாயிற்று.

இன்னுமொன்று. மருந்து உண்டவர்கள் மீண்டும் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தனர். புழு மீண்டும் குடலிற் குடியேறிற்று. மலசலகூடம் கட்டுவதற்குச் செலவிடத் தோட்ட உரிமையாளர் பலர் தயங்கினர். மருந்து கொடுப்பது எளிது. காரணத்தை நீக்குவது கடினம். எளியதைச் செய்துவிட்டுக் கடினமானதைக் கைவிடுவது மனித இயல்பு போலும்.

புழு நீங்கினும், தேய்ந்த உடலைத் தேற்ற உணவு வேண்டும். அவ்வகையில் நம் நாடு கண்ட பெருமுயற்சி திரிபோஷா ஆகும். 1973ஆம் ஆண்டு முதல், கருவுற்ற தாய்மார்க்கும், பாலூட்டுவோர்க்கும், எடை குன்றிய குழந்தைகட்கும் சுகாதார நிலையங்கள் வாயிலாக இம்மா வழங்கப்பட்டு வந்துள்ளது. சோளமும் சோயாவும் சேர்ந்து, விற்றமின்களும் கனிப்பொருள்களும் கலந்த அப்பொதியை அறியாத வீடு மலையகத்தில் அரிது. அதனால் உடல் தேறிய பிள்ளைகள் எத்தனையோ பேர்.

எனினும், இந்நல்லுணவிற்கும் ஒரு சோதனை வந்தது. சோளம் முதலிய தானியங்களிற் பூஞ்சணம் பிடித்தால் அபிளாடொக்சின் என்னும் நஞ்சு தோன்றும். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ஓர் இலட்சம் வான்கோழிகள் நிலக்கடலைப் பிண்ணாக்கை உண்டு மாண்டபோதே இந்நஞ்சினை உலகம் கண்டறிந்தது. கல்லீரலைக் கெடுக்கும் இது சமையற் சூட்டில் எளிதில் அழிவதன்று. 2021, 2022ஆம் ஆண்டுகளில் திரிபோஷாவின் அபிளாடொக்சின் அளவு பற்றி நாடெங்கும் பேச்சு எழுந்தது. சிறு குழந்தைகட்கு விதிக்கப்பட்ட கடுமையான எல்லைக்குட்பட்ட சோளம் கிடையாமையால், அவர்கட்குரிய உற்பத்தி சில காலம் நிறுத்தப்பட்டது.

இதைக் கேட்டுத் திரிபோஷாவை வெறுக்க வேண்டியதில்லை. நாம் காண வேண்டியது வேறு. அரசாங்கம் ஆக்கி, அரசாங்கமே பரிசோதித்து, குறித்த அளவிற் கொடுக்கும் உணவிலேயே இவ்வளவு விழிப்பு வேண்டியிருக்கின்றது. பரிசோதித்தமையாற்றான் குறையும் வெளிப்பட்டது. அவ்வாறாயின், எங்கோ ஆக்கப்பட்டு, எவராலும் நிறுக்கப்படாது, தபாற் பொதியில் வந்து சேரும் புட்டியை யார் பரிசோதித்தார்கள்? 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நகர்க் கடைகளிலே வாங்கப்பட்ட 70 ஆயுர்வேத மூலிகைப் பொருள்களை ஆராய்ந்தபோது, 14 பொருள்களில் ஈயம், பாதரசம், ஆசனிக் என்பவற்றுள் ஒன்றேனும் இருந்தது. மூலிகை என்ற பெயர் பாதுகாப்பிற்கு உத்தரவாதம் ஆகாது. விற்றமின் என்ற பெயரும் ஆகாது.

இனி மதியிறுக்கத்தின் வரலாற்றிற்கு வருவோம். 1943ஆம் ஆண்டில் லியோ கனர் என்னும் அமெரிக்க வைத்தியர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி இந்நிலையை உலகிற்கு விளக்கினார். அவர்களுட் பலர்க்கு உணவு ஊட்டுவதே பெரும்பாடாக இருந்தது என்பதை அன்றே அவர் குறித்தார். எனினும் நெடுங்காலம், இப்பிள்ளைகள் அழுதாலும், தலையை முட்டிக்கொண்டாலும், இரவில் உறங்காதிருந்தாலும், “அது அந்த நோயின் இயல்பு” என்றே பலர் விட்டுவிட்டனர். லயத்துப் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசியதற்கும் இதற்கும் வேற்றுமை என்ன? 2010ஆம் ஆண்டிலே வைத்திய நிபுணர் குழுவொன்று கூடி, மதியிறுக்கமுள்ள பிள்ளைக்கு வயிற்று நோயின் குறி தோன்றினால் ஏனைய பிள்ளைகட்குச் செய்யும் அதே பரிசோதனையைச் செய்ய வேண்டும் என்றும், நடத்தையில் திடீரெனத் தோன்றும் மாற்றம் வலியின் அறிகுறியாக இருக்கலாம் என்றும் எடுத்துரைத்தது.

முதலாவது தவறு வயிற்றை மறந்தது. அதற்கு நேர்மாறான இரண்டாவது தவறு வயிறே எல்லாம் என்று நம்பியது. செக்கிறீற்றின் என்பது சமிபாட்டிற்கு உதவும் ஓர் ஓமோன். 1902ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. 1998ஆம் ஆண்டில், வயிற்றுப் பரிசோதனைக்காக அதனை ஏற்றப்பெற்ற மதியிறுக்கமுள்ள குழந்தைகள் மூவர் பேச்சிலும் பார்வையிலும் முன்னேறினர் என்று ஒரு செய்தி வெளியாயிற்று. தொலைக்காட்சி அதனைப் பரப்பிற்று. ஆயிரக்கணக்கான பெற்றோர் அம்மருந்தைத் தேடி அலைந்தனர். மறு ஆண்டிலேயே 60 குழந்தைகளைக் கொண்டு முறையான ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினர்க்குச் செக்கிறீற்றினும், மறு பகுதியினர்க்கு வெறும் உப்புநீரும் ஏற்றப்பட்டன. இரு பகுதியினரும் ஒரே அளவிலேயே முன்னேற்றம் காட்டினர். அஃதாவது, மருந்து ஒன்றும் செய்யவில்லை. இம்முடிவைக் கேட்ட பின்னரும் 100க்கு 69 பெற்றோர் அம்மருந்தில் நாட்டம் உடையவராகவே இருந்தனராம். நேயர்களே, அவர்களை நாம் எள்ள வேண்டா. நம்பிக்கை அத்துணை வலியது. அதனாற்றான் அதனை விலைபேசுவோரும் தோன்றுகின்றனர்.

நம்பிக்கை வீணாவதோடு முடிந்திருந்தால் நன்று. 2005ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலே, உடலிலுள்ள உலோகத்தை வெளியேற்றுவதாகக் கூறி ஏற்றப்பட்ட மருந்தினால், மதியிறுக்கமுள்ள ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் உயிர் துறந்தான். அம்மருந்து அவனது குருதியிலிருந்த கல்சியத்தைக் குறைத்துவிட்டது. 2016ஆம் ஆண்டில் லண்டன் வைத்தியர்கள் மற்றொரு சிறுவனைப் பற்றி எழுதினர். இயற்கை வைத்தியம் என்ற பெயரிற் பன்னிரண்டு வகைப் பொருள்கள் அவனுக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. விற்றமின் டீ அளவு மிஞ்சியது. குருதியிற் கல்சியம் ஏறிற்று. வாந்தியும் மலச்சிக்கலும் தாகமும் அவனை வாட்டின. வயிற்றுக்கு நலம் தர வந்தவற்றால் வயிறே கெட்டது. நல்வாய்ப்பாக அவன் குணமடைந்தான்.

கோதுமையையும் பாலையும் அறவே விலக்கினால் மதியிறுக்கம் நீங்கும் என்ற கூற்றிற்கும் உறுதியான சான்று இல்லை. குறித்த நோய் காரணமாக வைத்தியர் விலக்கச் சொன்னால் விலக்குவது கடமை. ஆனால், ஏற்கெனவே நாலைந்து உணவுகளை மட்டுமே உண்ணும் பிள்ளையிடமிருந்து மேலும் இரண்டைப் பறித்தால், எஞ்சுவது யாது? உணவு குறுகியதால் விற்றமின் சீ குன்றி, பழைய மாலுமிகளை வாட்டிய ஸ்கேவி நோய்க்கு ஆளான மதியிறுக்கப் பிள்ளைகளை வைத்தியர்கள் நம் காலத்திலேயே கண்டுள்ளனர். அத்தகைய பிள்ளைக்குப் போசாக்கு மாத்திரை உண்மையிலேயே தேவைப்படலாம். ஆகையால், மாத்திரை யாவும் தீது என்பது என் கருத்தன்று. தேவையை அறிந்து, அளவை அறிந்து கொடுப்பதே முறை.

அவ்வாறாயின் பெற்றோர் செய்யத்தக்கது யாது? பிள்ளை உண்டது, மலம் கழித்தது, உறங்கியது, அழுதது ஆகியவற்றைப் பாடசாலைக் கொப்பியொன்றில் இரு வாரம் குறித்து வாருங்கள். பேசாத பிள்ளையின் சார்பிற் பேசும் சாட்சி அதுவே. மண், சுவர்ப்பூச்சு முதலியவற்றைத் தின்னும் பழக்கம் இருப்பின் அதனையும் எழுதுங்கள். இரும்புச்சத்துக் குறைவோ, ஈயமோ, புழுவோ அதன் பின்னணியில் இருத்தல் கூடும். வீட்டிலுள்ள புட்டிகள் அனைத்தையும், ஒன்றையும் மறையாது, ஒரு பையில் இட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். பேராதனையிலே சிறுவர்க்கென்றே தனி வைத்தியசாலை இருக்கின்றது. சீட்டில் உட்பொருளும் அளவும் எழுதப்படாத எதனையும் வாங்க வேண்டா. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையிற் பதிவுண்டா என்று மருந்தாளரைக் கேட்பது உங்கள் உரிமை. இனிப்புப் போலத் தோன்றும் இரும்பு மாத்திரைகளைப் பிள்ளைகளின் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள்.

ஆசிரியர்களாகிய எங்கட்கும் ஒரு கடமை உண்டு. வகுப்பிலே ஒரு பிள்ளை காரணமின்றிக் குழப்பம் செய்கின்றான் என்று பதிவேட்டில் எழுதுமுன், அவன் இன்று உண்டானா, வயிறு வலிக்கின்றதா என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தண்ணீர் அருந்தவும் மலசலகூடம் செல்லவும் அஞ்சாத பாடசாலை, பல மருந்துகளிலும் மேலானது.

நூறு ஆண்டுகட்கு முன்னர் மலைநாட்டுப் பிள்ளைக்கு வேண்டியிருந்தவை மூன்று: தன் நோயைக் குணக்குற்றம் என்று ஏசாத கண், அளவறிந்து மருந்து கொடுக்கும் கை, கால் வைக்கத் தூய நிலம். இன்று பேசவியலாத நம் பிள்ளைகட்கு வேண்டியவையும் இவையே. வயிற்றை மறவாதிருப்போம், வயிற்றிலேயே அனைத்திற்கும் திறவுகோல் உண்டென்று கூறுவோரிடம் சான்று கேட்போம்.