மேசைக்கணினி உறுப்புகளின் பொருத்தம்

மேசைக்கணினியைப் புதிதாகக் கூட்டும்போதும் பழையதை மேம்படுத்தும்போதும் அதன் உறுப்புகள் வடிவம், மின்சாரம், நிலைபொருள், இயங்குதளம் ஆகிய நான்கு நிலைகளிலும் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ளும் தன்மை உறுப்புப் பொருத்தம் எனப்படும். நிலைபொருள் என்பது தாய்ப்பலகையின் சில்லு ஒன்றில் எழுதி வைக்கப்பட்டு, மின்சாரம் பாய்ந்ததும் முதலில் ஓடும் மென்பொருள். கடைவழக்கில் அது பயாஸ். ஒரு நிலையில் பொருந்தும் உறுப்பு மற்றொன்றில் பொருந்தாமல் போவதுண்டு. ஆகையால், குழியில் பிசகின்றி அமர்ந்த உறுப்பு இயங்கியே தீரும் என்று கொள்ள இடமில்லை.

தவறாக வாங்கியதை மறுநாளே மாற்றிக்கொள்ளக்கூடிய பெருநகரில் இது சிறு தொல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் தென்காசி மாவட்டத்தில் அமைந்த கடையநல்லூரில் அவ்வாறன்று. கணினி உறுப்புகளுக்குத் தமிழகத்தில் பெயர்பெற்ற சந்தையான சென்னை ரிச்சி தெரு, இவ்வூரிலிருந்து பொதிகை விரைவு வண்டியில் ஓர் இரவுப் பயணம். இணையவழி வாங்கியதையும், உறை பிரித்தபின் திருப்பி அனுப்புவது எளிதன்று. மூன்றாவதாக ஒரு வழியும் இவ்வூருக்கு உண்டு. இங்கிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் சிங்கப்பூரில் நிலைபெற்று, 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்னும் அமைப்பையே நிறுவியவர்கள். ஆதலால் கடல் கடந்த உறவினரின் பயணப்பெட்டியில் வந்து சேரும் உறுப்புகளையும் சேர்த்தே பொருத்தத்தைக் கணக்கிட வேண்டியிருக்கிறது.

வெவ்வேறு நிறுவனத்தார் செய்த உறுப்புகளைக் கூட்டி ஒரு கணினி ஆக்கும் வழக்கம், 1981 ஆகஸ்டில் ஐபிஎம் நிறுவனம் சந்தையில் கிடைத்த உறுப்புகளைக் கொண்டே தன் தனிநபர் கணினியைச் செய்து, அதன் அமைப்பு விவரங்களையும் வெளியிட்டதிலிருந்து வளர்ந்தது. 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவுமுறை தாய்ப்பலகையின் நீள அகலத்தையும் திருகுத் துளைகளின் இடத்தையும் மின்செருகியின் அமைப்பையும் வரையறுத்தது. முழு ஏடிஎக்ஸ் பலகை 305க்கு 244 மில்லிமீட்டர். மலிவான கணினிகளில் மிகுதியாகக் காணப்படும் மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244. பெரிய கேபினட்டில் சிறிய பலகை அமரும், சிறியதில் பெரியது அமராது என்பதற்கு மேல் இதில் சிக்கல் இல்லை. ஆயினும் முன்னணி நிறுவனங்கள் அலுவலகங்களுக்கென விற்கும் ஒடுங்கிய கணினிகளில் பல இந்த முறைக்கு உட்படாமல் தமக்கேயுரிய பலகையையும் மின்செருகியையும் கொண்டிருப்பதால், பழையதாக விலைக்கு வாங்கிய அத்தகைய பெட்டியை உள்ளிருந்து வளர்க்க முயல்வோர் விரைவிலேயே முட்டுச்சந்தில் நிற்பர்.

பொருத்தத்தின் மையம் தாய்ப்பலகை. பிராசசர் அமரும் குழியாகிய சாக்கெட், அதன் தொடுமுனைகளின் எண்ணிக்கையால் பெயர் பெறுகிறது. எல்ஜிஏ 1700 என்றால் 1700 தொடுமுனைகள். ஆனால் எண் ஒத்தால் போதும் என்ற எண்ணத்தை எல்ஜிஏ 1151 பொய்யாக்கியது. 2015இல் இந்தச் சாக்கெட்டுடன் வெளிவந்த பலகைகள் இன்டெல்லின் 6, 7ஆம் தலைமுறைப் பிராசசர்களை ஏற்றன. 2017இன் இறுதியில் வந்த 8ஆம் தலைமுறையும் 1151 தொடுமுனைகளையே கொண்டிருந்தும், முனைகளின் மின்பணிகள் மாற்றப்பட்டு, 300 வரிசைச் சில்லுத்தொகுதி கொண்ட புதிய பலகை கட்டாயமாக்கப்பட்டது. சில்லுத்தொகுதி என்பது பிராசசருக்கும் பிற உறுப்புகளுக்கும் இடையே நின்று போக்குவரத்தை நடத்தும் துணைச் சில்லு. ஆகவே 2016இல் வாங்கிய எச்110 பலகையில் ஐ3-8100 அழகாக அமரும். திரையில் ஒன்றும் தோன்றாது.

ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் இதற்கு எதிர்க்கோடி. 2017இல் முதல் ரைசன் பிராசசர்களுடன் கடைக்கு வந்த அது, பல தலைமுறைகளைத் தாங்கியது. எனினும் பழைய பலகையின் பயாஸ் புதுப்பிக்கப்படாவிட்டால் புதிய பிராசசர் அடையாளம் காணப்படுவதில்லை. புதுப்பிக்கவோ, இயங்கும் பழைய பிராசசர் ஒன்று கையில் வேண்டும். பிராசசர் இல்லாமலேயே பென்டிரைவிலிருந்து பயாஸை ஏற்றும் வசதி சில பலகைகளில் மட்டுமே உண்டு. பிராசசர் பெயரின் கடைசி எழுத்தும் கவனிக்கத்தக்கது: ஐ5-12400 என்பதில் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் பகுதி உள்ளேயே இருக்க, ஐ5-12400எஃப் என்பதில் அது செயல்படாது. விலை குறைவென்று பின்னதை வாங்கியவர் தனி கிராபிக்ஸ் கார்டுக்குச் செலவிட நேர்வதால் மிச்சப்பட்டதைப்போல் பன்மடங்கு கைவிட்டுப் போகும்.

நினைவகமாகிய ராம் வகையில் ஏமாற்றம் குறைவு, ஏனெனில் வடிவமே தடுத்துவிடுகிறது. டிடிஆர்3 பட்டையில் 240 தொடுமுனைகளும் 1.5 வோல்ட்டும், டிடிஆர்4இல் 288 முனைகளும் 1.2 வோல்ட்டும், டிடிஆர்5இல் அதே 288 முனைகளும் 1.1 வோல்ட்டும் உள்ளன. மூன்றிலும் வெட்டுவாயின் இடம் வேறு. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் டிடிஆர்5ஐ மட்டுமே ஏற்கும்; எல்ஜிஏ 1700 பலகைகளோ பெரும்பாலும் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டில் ஒன்றுக்கென்றே செய்யப்படுவதால், பலகையின் பெயரை முழுமையாகப் படிக்காமல் பட்டை வாங்கலாகாது. ஒரே 16 ஜிபி பட்டையைவிட இரண்டு 8 ஜிபி பட்டைகள் ஈரிணைப் பாதையில் ஓடி, தனிக் கார்டு இல்லாத கணினியின் படவேகத்தைத் தெளிவாகக் கூட்டும்.

பழைய கணினிக்கு மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தருவது ஹார்ட் டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி பொருத்துவதே. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, வேகம் குறைந்த பழைய சாட்டா துறையிலும் இயங்கும் என்பதால் இதில் பிழை நேர வாய்ப்பு அரிது. எம்.2 வடிவம் அப்படியன்று. 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உடைய 2280 பட்டை சாட்டா முறையிலும் இருக்கலாம், என்விஎம்இ முறையிலும் இருக்கலாம்; பலகையின் துளை எதை ஏற்கும் என்பது அதன் கையேட்டில்தான் தெரியும்.

மின்சாரத்தைக் குறித்துச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பிற பொருத்தமின்மைகள் கணினியை இயங்காமல் நிறுத்துகின்றன, இது எரித்துவிடுகிறது. வீட்டு மின்சாரத்தைக் கணினிக்குரிய நேர்மின்னோட்டமாக்கும் பெட்டியை இங்கு எஸ்எம்பிஎஸ் என்பர். சிங்கப்பூரிலும் இந்தியாவிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸே வழங்கப்படுவதால் அங்கிருந்து வந்த எஸ்எம்பிஎஸ் இங்கு அப்படியே இயங்கும். சுவரில் செருகும் முனை மட்டும் அங்கே பட்டையான மூன்று கம்பிகளாகவும் இங்கே உருண்டையான மூன்று கம்பிகளாகவும் இருப்பதால் கம்பிவடத்தை மாற்றினால் போதும். 120 வோல்ட் வழங்கும் அமெரிக்காவிலிருந்து வந்த பழைய பெட்டியாயின் பின்புறத்துச் சிறு விசையைப் பார்க்க வேண்டும். அது 115இல் இருக்கையில் இங்குள்ள மின்சாரத்தைக் கொடுத்தால் உள்ளிருக்கும் மின்தேக்கிகள் வெடிக்கும்.

கேபினட்டோடு சேர்த்துத் தரப்படும் மலிவான எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் ஒட்டியுள்ள 450 என்ற எண்ணைவிட, அதன் 12 வோல்ட் தடத்துக்கு எதிரே அச்சிட்டுள்ள ஆம்பியரே உண்மை பேசும்: 18 ஆம்பியர் என்றால் பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் சேர்த்துக் கிடைப்பது 216 வாட் மட்டுமே. கிராபிக்ஸ் கார்டு பலகைத் துளையிலிருந்து 75 வாட் வரையும், ஆறுமுனைச் செருகியால் மேலும் 75 வாட், எட்டுமுனைச் செருகியால் 150 வாட் வரையும் பெறலாம். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் இச்செருகிகளே இரா என்பதால், கூடுதல் செருகி கேட்காத கார்டே அத்தகைய கணினிக்கு உரியது. இவற்றோடு யுபிஎஸ்ஸையும் கூட்டிப் பார்ப்பவர் சிலரே. 600 விஏ என்று விற்கப்படுவது பொதுவாக 360 வாட் அளவே தாங்கும். அதன் படிக்கட்டு வடிவ மின்னலையைத் திறன்காரணித் திருத்தி உள்ள சில எஸ்எம்பிஎஸ்கள் ஏற்காமல், மின்வெட்டு நேரும் அந்தக் கணத்திலேயே அணைந்துபோகின்றன.

இயங்குதளப் பொருத்தம் அண்மையில்தான் பெருஞ்செலவாக மாறியது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவடைந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறையும், சில விலக்குகள் தவிர, இன்டெல்லாயின் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரையும் கேட்கிறது. நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் ஆறாம் தலைமுறைக் கணினிக்கு எஸ்எஸ்டியும் லினக்ஸும் போதுமானவை. பயனர் விண்டோஸிலேயே நிற்க விரும்பினால் பலகை, பிராசசர், ராம் மூன்றும் ஒருசேர மாறுவதால், அதை மேம்படுத்தல் என்று சொல்வதைவிடப் புதுக்கணினி என்று சொல்வதே நேர்மை.

அச்சுக்கூடமும் டிடிபி நிலையமும் வைத்திருப்போருக்கு எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய தமிழ் எழுத்துரு மென்பொருள்களில் சில, டாங்கிள் எனப்படும் பூட்டுக்கருவி கணினியின் பின்புறத்து 25 முனை இணைத்துறையில் செருகப்பட்டிருந்தால் மட்டுமே திறக்கும். பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களும் அத்துறையையே நாடுபவை. புதிய பலகைகளில் அது பெரும்பாலும் இல்லை. யுஎஸ்பி மாற்றி பிரிண்டருக்கு உதவினாலும் பூட்டுக்கருவிக்குப் பெரும்பாலும் உதவுவதில்லை. இத்தகையோர் பலகையில் இணைத்துறைக்கான ஊசிவரிசை உண்டா என்று பார்த்து வாங்கலாம். இல்லையேல் பழைய கணினியை அந்த ஒரு மென்பொருளுக்கென்றே வலையிணைப்பின்றி மூலையில் வைத்துக்கொள்ளலாம்.