ஆம்பூர் பஞ்சப்படிக்குச் சென்னை விலை

எங்கள் பக்கத்தில் டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ வேலை செய்பவர்கள் அகவிலைப்படி என்று சொல்வது குறைவு. பஞ்சப்படி என்றுதான் சொல்வார்கள். அதில் "இந்த வருஷம் எவ்வளவு ஏறும்?" என்ற கேள்விக்கு ஆம்பூர் சந்தையில் போய் நின்றால் பதில் கிடைக்காது. பல வருடங்களாகத் தமிழ்நாட்டின் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கைகள் பஞ்சப்படியைச் சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணோடு கட்டி வைத்திருக்கின்றன. ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சராசரியை எடுத்து, ஒரு புள்ளி ஏறினால் இத்தனை ரூபாய் என்று ஏப்ரல் 1 முதல் கூட்டித் தருவது வழக்கம். அதாவது சென்னைக் கடைகளில் எடுத்த விலையை வைத்து ஆம்பூர்க்காரரின் சம்பளம் ஏறுகிறது. இது எப்படி வந்தது, இதில் லாபமா நஷ்டமா என்று பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் வரலாறு.

வணிகவியல் படித்தவர்களுக்கு லாஸ்பியர், பாஷே என்ற இரண்டு பெயர்களும் நன்றாகத் தெரியும். லாஸ்பியர் 1871-லும் பாஷே 1874-லும் தங்கள் சூத்திரங்களைத் தந்தார்கள். நம் நாட்டில் அவை தொழிலாளியின் சம்பளக் கணக்குக்குள் வர முதல் உலகப் போர் தேவைப்பட்டது. போரில் விலைவாசி ஏறியது, கூலி பின்தங்கியது. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியா, திரு.வி.க. போன்றோர் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியது இந்தச் சூழலில்தான். "விலை ஏறிவிட்டது" என்று தொழிலாளி சொல்ல, "அவ்வளவு ஏறவில்லை" என்று முதலாளி சொல்ல, இருவருக்கும் பொதுவான ஓர் எண் தேவைப்பட்டது. பம்பாய் தொழிலாளர் அலுவலகம் 1914 ஜூலை மாத விலையை 100 என்று வைத்து 1921-ல் வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண்ணை வெளியிடத் தொடங்கியது.

இரண்டாம் உலகப் போரில் அதே பிரச்சினை மறுபடி வந்தது. ஜி.ஐ.பி. ரயில்வே தொழிலாளர்களின் பஞ்சப்படி குறித்து விசாரிக்க 1940-ல் பி.என். ராவ் தலைமையில் ஒரு விசாரணை மன்றம் அமைந்தது. பிற்காலத்தில் அரசியல் நிர்ணய சபைக்கு ஆலோசகராக இருந்த அதே ராவ்தான். நாடு முழுவதும் ஒரே முறையில் குறியீட்டெண் தயாரிக்க வேண்டும் என்ற எண்ணம் அதன் பிறகு வலுப்பட்டது. 1946 அக்டோபரில் மத்திய அரசின் தொழிலாளர் செயலகம் உருவானது. தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கான குறியீட்டெண்ணை இன்றும் வெளியிடுவது அதுதான்.

அடுத்து 1948-ன் குறைந்தபட்ச ஊதியச் சட்டம். அதன் அட்டவணையில் தோல் பதனிடும் தொழிலும் தோல்பொருள் உற்பத்தியும் ஆரம்பத்திலேயே இடம் பெற்றன. பஞ்சப்படி எப்படி மாற வேண்டும் என்பதையும் சட்டம் சொன்னது: அந்தத் தொழிலாளர்களுக்குப் பொருந்தும் வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண் எப்படி மாறுகிறதோ, கூடியவரை அதை ஒட்டி மாற வேண்டும். எந்தக் குறியீட்டெண் பொருந்தும் என்று அறிவிக்கும் அதிகாரம் அரசிடம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து 1948 சட்டம் போய்விட்டது. ஆனால் "பொருந்தும்" என்ற அந்தச் சொல் எழுப்பும் கேள்வி போகவில்லை.

தொழிலாளர் செயலகம் 2016-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட வரிசைக்கு நாடு முழுவதும் 88 மையங்களில் விலை எடுக்கிறது. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, சேலம் எல்லாம் உண்டு. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் குன்னூரும் உண்டு. ஆம்பூர் இல்லை, வேலூரும் இல்லை. காலணி ஏற்றுமதியில் இவ்வளவு பெயர் வாங்கிய பகுதிக்குச் சொந்தமாக ஒரு குறியீட்டெண் கிடையாது!

"சென்னையில்தான் விலைவாசி அதிகம். அந்தக் கணக்கில் கொடுத்தால் நமக்கு லாபம்தானே?" என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது தவறு. குறியீட்டெண் விலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று காட்டாது. அடிப்படை ஆண்டிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்று மட்டுமே காட்டும். எல்லா ஊருக்கும் அடிப்படை ஆண்டில் 100தான்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆம்பூரில் ஒரு குடும்பத்தின் மாத வரவும் செலவும் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உணவு 600, வாடகை 150, மற்றவை 250. சில வருடங்களில் உணவு 20 சதவீதமும் மற்றவை 10 சதவீதமும் ஏறி, வாடகை இரண்டு மடங்காகிறது. அதே கூடைக்கு இப்போது 720 + 300 + 275 = 1,295 ரூபாய். குறியீட்டெண் 129.5. சென்னையிலோ வாடகை ஏற்கெனவே உச்சத்தில் இருந்ததால் 30 சதவீதம்தான் ஏறியது, மற்றதெல்லாம் ஒன்றே என்று கொள்வோம். அதே எடைகளைப் போட்டால் சென்னைக் குறியீட்டெண் 119. அதன்படி சம்பளம் 1,190 ஆகிறது. கையில் 190 ரூபாய் கூடியிருக்கிறது. ஆனால் உண்மை வருமானம்?

1,190 ÷ 129.5 × 100 = சுமார் 919 ரூபாய்.

சம்பளம் ஏறிய பிறகும் அந்தக் குடும்பம் 81 ரூபாய் ஏழையாகிவிட்டது. சென்னையில் விலை வேகமாக ஏறினால் இதே கணக்கு தலைகீழாகி ஆம்பூருக்கு லாபமாகவும் வரலாம். எந்தப் பக்கம் சாய்கிறது என்று அறிய ஆம்பூர் விலைகள் வேண்டும். அவைதான் நம்மிடம் இல்லை.

இரண்டாவது சிக்கல் கூடை. அகில இந்தியக் கூடையில் உணவின் எடை 1960 வரிசையில் 60.9 சதவீதம், 1982-ல் 57, 2001-ல் 46.2, 2016-ல் 39.17. வாழ்க்கை மாறுவதால் கூடையும் மாறுகிறது. ஆனால் இரண்டு கூடைகளுக்கு நடுவில் நீண்ட இடைவெளி. பாலாற்றுப் படுகையில் டேனரிக் கழிவால் நிலத்தடி நீர் கெட்டது பற்றி உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது நினைவிருக்கும். கிணற்றில் இறைத்துக் குடித்த குடும்பம் கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்தால் அது புதிய செலவு. பழைய கூடையில் இல்லாத செலவைக் குறியீட்டெண் பார்க்காது. எந்தப் பொருளின் விலையும் ஏறவில்லை என்று கணக்கு சொல்லும், வீட்டில் பணம் மட்டும் பற்றாது.

மூன்றாவது, இணைப்புக் காரணி. அடிப்படை ஆண்டு மாறும்போது புதிய புள்ளியைப் பழைய புள்ளியாக்கப் பெருக்கும் எண் இது. அகில இந்திய அளவில் 1960-லிருந்து 1982-க்கு 4.93, 1982-லிருந்து 2001-க்கு 4.63, 2001-லிருந்து 2016-க்கு 2.88. மூன்றையும் பெருக்கினால் சுமார் 65.7. அதாவது 1960-ல் 100 ரூபாய் வாங்கியவர் 2016-ல் ஏறத்தாழ 6,570 ரூபாய் வாங்கினால்தான் நின்ற இடத்திலேயே நிற்கிறார்! இந்த எண்ணைச் சரியாகப் போடவில்லை என்றால் என்ன ஆகும்? பழைய புள்ளிக்கு 1 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய வரிசையில் 10 புள்ளி ஏறினால் 28 ரூபாய் 80 காசு வர வேண்டும். பெருக்காமல் விட்டால் வருவது 10 ரூபாய். 1963-ல் பம்பாய்த் தொழிலாளர்கள் குறியீட்டெண் உண்மை விலையைக் காட்டவில்லை என்று போராடினார்கள். டி.டி. லக்டவாலா தலைமையிலான நிபுணர் குழு ஆராய்ந்து திருத்தம் சொன்னது. புள்ளியியல் பாடம் தெருவுக்கு வந்த கதை அது.

இத்தனையும் பஞ்சப்படி கிடைப்பவர்களுக்கு. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் அப்பர் தைக்கும் பெண்களுக்கு ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. அவர்களுக்கு அடிப்படை ஆண்டும் இல்லை, புள்ளியும் இல்லை. ஜோடிக் கூலி அப்படியே நிற்க விலை ஏறினால், ஏற்றம் முழுவதும் அவர்கள் தலையில்தான்.

குறியீட்டெண்ணே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. அது இல்லாத காலத்தில் தொழிலாளியின் வார்த்தைக்கு மதிப்பே இல்லாமல் இருந்தது. ஆனால் அது யாருடைய விலை, யாருடைய கூடை என்று கேட்க வேண்டும். நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. அரிசி, எண்ணெய், வாடகை, கேஸ், தண்ணீர் கேன், பஸ் டிக்கெட் என்று ஒரு பன்னிரண்டு பொருள். ஒவ்வொரு மாதமும் அதே வாரம், அதே கடை. ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ நாலைந்து மாணவர்கள் சேர்ந்து இரண்டு வருடம் ஒரு நோட்டில் எழுதினால் போதும். அரசு அதை ஏற்காமல் போகலாம். ஆனால் சென்னைக் குறியீட்டெண் 5 சதவீதம் ஏறியது என்று சொல்லும்போது, "எங்கள் ஊரில் இவ்வளவு ஏறியது" என்று சொல்ல நம் கையில் ஒரு கணக்கு இருக்கும்.