மறுபடைப்பும் மதிப்பீடும்

நியூயார்க் நகரின் சுரங்க இரயிலைக் கைப்பற்றிப் பயணிகளைப் பணயமாக்கும் கொள்ளையரின் கதையை ஜான் கோடி 1973-இல் நாவலாக எழுதினார். ஜோசப் சார்ஜென்ட் அதனை 1974-இல் 'தி டேக்கிங் ஆஃப் பெல்ஹாம் ஒன் டூ திரீ' என்னும் திரைப்படமாக்கினார். 10 இலட்சம் டாலரை ஒரு மணி நேரத்தில் கேட்கும் கொள்ளையரோடு, சலித்துக்கொள்ளும் இரயில் அலுவலரும் காய்ச்சலில் கிடக்கும் மேயரும் அப்படத்தில் உயிர்பெற்றனர். மறு ஆண்டே அந்நகராட்சி திவாலாகும் நிலையை எய்தியது. படத்தின் அங்கதம் அக்காலத்தின் சான்றாயிற்று.

2009-இல் டோனி ஸ்காட் அக்கதையை மீண்டும் படமாக்கினார். பணயத்தொகை 1 கோடி டாலராயிற்று. ஜான் டிரவோல்டா நடித்த கொள்ளையர் தலைவன் முன்னாள் வால் ஸ்ட்ரீட் நிதியாளன் ஆனான். 2008-ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியைக் கண்டோர்க்கு அம்மாற்றம் பொருளுடையதே.

எனினும், திறனாய்வாளர் கருத்து பிளவுபட்டது. டென்சல் வாஷிங்டனின் நடிப்பைப் பாராட்டியோரும் ஓயாது சுழலும் ஒளிப்பதிவைக் குறை கூறினர். முந்தைய படத்தின் நகைச்சுவையைத் தேடி ஏமாந்தனர்.

பழையதினின்று வேறுபடுதல் மறுபடைப்பின் குற்றமன்று. தன் காலத்தைத் தொட்டும், அதில் வாழும் மாந்தரை வேகத்தில் கரையவிட்டதே அதன் குறை. ஒப்பீடு நேர்மையாக அமைய, இவ்வேறுபாட்டை உணர்தல் வேண்டும்.