உறி, பரண், ஃப்ரிட்ஜ்: விளைந்ததைக் காத்த கதை

ஆடியில் விதைத்தவர்களின் தொட்டிகளில் மார்கழி, தை மாதங்களில் காய்கள் குவியும். காய்க்கும்போது எல்லாச் செடியும் சேர்ந்தே காய்க்கும். ஒரு வீட்டில் வாரத்துக்கு எத்தனை கத்தரிக்காய்தான் சமைக்க முடியும்? அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தது போக மிச்சத்தை ஃப்ரிட்ஜில் திணிக்கிறோம். பத்து நாள் கழித்துப் பாதியைக் குப்பைத் தொட்டியில் போடுகிறோம். மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றி வளர்த்தது வீணாகிறது.

நம் தாத்தா பாட்டி காலத்தில் இந்தக் கேள்விக்கு வீட்டுக்குள்ளேயே விடை இருந்தது. அந்த விடை எங்கிருந்து வந்தது, எப்போது கைநழுவியது என்று தெரிந்துகொண்டால், அதில் எதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பதும் உங்களுக்குப் புரியும்.

உப்பும் வெயிலும்

மாவடு நமக்கு நேற்று வந்த பழக்கம் இல்லை. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றியது. அதில் வழிப்போக்கருக்குக் கிடைக்கும் விருந்துகளில் ஒன்று, மாதுளங்காயை மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து வெண்ணெயில் சமைத்தது. கூடவே மாவடு ஊறுகாயும் உண்டு. அந்த விருந்தில் மிளகாய் இல்லை என்பதைக் கவனியுங்கள். இருக்கவும் முடியாது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாகத்தான் இந்தியாவுக்கு வந்தது. மிளகுபோல் காரமான காய் என்பதால் மிளகாய் என்று பெயர் வைத்தோம். தக்காளியும் அப்படி வந்ததுதான். அதற்கு முன் அந்தப் பெயர் இங்கிருந்த சின்னப் பழங்களுக்கு உரியது. மணத்தக்காளி இன்றும் அதை ஞாபகப்படுத்துகிறது.

வந்த காய் புதிது, பாதுகாக்கும் முறை பழையது. மிளகாயைக் கீறி உப்பு மோரில் ஊற வைத்து, பகலில் வெயிலில் காய வைத்து, இரவில் மறுபடி அதே மோரில் போட்டு, மோர் வற்றும் வரை இப்படியே செய்தால் மோர் மிளகாய். சுண்டைக்காய்க்கும் மணத்தக்காளிக்கும் ஏறக்குறைய இதே வழிதான். உப்பு காயின் நீரை வெளியே இழுக்கிறது, மோரின் புளிப்பு கெடுக்கும் நுண்ணுயிரிகளைத் தடுக்கிறது, வெயில் மிச்ச ஈரத்தை எடுத்துவிடுகிறது. மூன்று காவல்.

கொத்தவரங்காய் வற்றலுக்கு இன்னொரு படி உண்டு. உப்புத் தண்ணீரில் அரை வேக்காடு வேக வைத்து, வடித்த பிறகுதான் காய வைப்பார்கள். பச்சைக் காயில் உள்ள நொதிகள் பறித்த பிறகும் வேலை செய்துகொண்டே இருக்கும். நிறமும் மணமும் அதனால்தான் கெடும். வெந்நீர் அந்த நொதிகளை நிறுத்திவிடுகிறது. இன்று காய்களை உறைய வைக்கும் தொழிற்சாலைகளும் இதே காரணத்துக்காக முதலில் காயை வெந்நீரில் முக்கி எடுக்கின்றன.

இவை அனைத்துக்கும் அடிப்படை உப்பு. ஊறுகாயும் வற்றலும் கருவாடும் போட்ட வீடுகளுக்கு உப்பு வெறும் சுவைக்கான பொருள் இல்லை, அடுத்த ஆறு மாதத்துக்கான காப்பு. அதன் மேல்தான் ஆங்கிலேய அரசு வரி போட்டது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி சுமார் 100 தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கியதை இந்தக் கோணத்திலும் பார்க்கலாம். ஏப்ரல் 30 அன்று அவர்கள் உப்பு அள்ளினார்கள். வரி 1947இல்தான் நீங்கியது.

காற்றும் ஈரமும்

எல்லாக் காயையும் காய வைக்க வேண்டியதில்லை. பழைய வீடுகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம் இருந்தது. முற்றிய பூசணியும் பரங்கியும் காம்போடு பரணில் இருக்கும், அல்லது உறியில் தொங்கும். தோலில் காயம் இல்லாத, காம்பு முறியாத பூசணி மாதக்கணக்கில் கெடாது. சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் தாளோடு கட்டிக் காற்றோட்டமான இடத்தில் தொங்க விடுவார்கள். எலுமிச்சையும் இஞ்சியும் தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருக்கும் ஈர மணலுக்குள் போகும். துவரை விதைக்குச் செம்மண் பூச்சு, புளிக்கு உப்பும் மண்பானையும்.

ஈர மணல் வெறும் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது, சுற்றியுள்ள ஈரக்காற்று காயை வாட விடுவதில்லை. டெல்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் மின்சாரமே தேவைப்படாத குளிர் அறை ஒன்றை வடிவமைத்தது. இரண்டு வரிசைச் செங்கல் சுவர், நடுவில் 7.5 செ.மீ. இடைவெளி, அதில் ஆற்று மணல், காலையும் மாலையும் தண்ணீர். அவ்வளவுதான். வறண்ட கோடையில் வெளியே உள்ளதைவிட உள்ளே 10 முதல் 15 டிகிரி வரை குறையும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இவ்வளவு குறையாது. ஆனாலும் காய் வாடாமல் இருக்கும்.

பழுக்க வைப்பதிலும் இப்படித்தான். வாழைத்தாரை மூடிய அறையில் புகை மூட்டம் போட்டார்கள், மாங்காயை வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ புதைத்தார்கள். பழுக்கும் பழம் எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது என்பதை ரிச்சர்ட் கேன் என்ற ஆங்கில ஆராய்ச்சியாளர் 1934இல் நிறுவினார். புகையிலும் அந்த வாயு உண்டு. மூடி வைத்தால் பழம் விடும் வாயு அங்கேயே தங்கிப் பழுப்பதை வேகப்படுத்தும். இதனால்தான் பழுத்த வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் கீரையையோ வெள்ளரியையோ வைக்கக் கூடாது. சீக்கிரம் மஞ்சளாகிவிடும். சந்தையில் சிலர் குறுக்கு வழியாகப் பயன்படுத்தும் கார்பைடு கல் சட்டப்படி தடை செய்யப்பட்டது.

பனிக்கட்டி வந்தது

1833இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் பனிக்கட்டி வந்தது. அனுப்பியவர் ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி. குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை வெட்டி, மரத்தூளில் பொதிந்து அனுப்பினார். சென்னைக்கு வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கடற்கரையோரம் எழுந்ததுதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். அந்தக் குளிர்ச்சி துரைமார்களுக்கும் வசதி படைத்தவர்களுக்கும் மட்டும்தான். பிறகு பனிக்கட்டி செய்யும் இயந்திரங்கள் வர, கப்பல் வியாபாரம் நின்றுபோனது. 1958இல் கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவிலேயே ஃப்ரிட்ஜ் செய்யத் தொடங்கியது. நடுத்தர வீடுகளில் அது சாதாரணமாக இன்னும் சில பத்தாண்டுகள் பிடித்தன.

ஃப்ரிட்ஜ் பெரிய வரம்தான். ஆனால் அது குளிர்நாடுகளில் பிறந்தது. ஆப்பிள், கேரட், முட்டைக்கோஸ் எல்லாம் அதன் 4 டிகிரியில் சுகமாக இருக்கும். நம் கத்தரி, வெண்டை, வெள்ளரி, வாழை, பழுக்காத மாங்காய், தக்காளி எல்லாம் வெப்ப நாட்டுப் பிறவிகள். 10 டிகிரிக்குக் கீழே பல நாள் இருந்தால் தோலில் குழி விழும், உள்ளே கறுக்கும், மணம் போய்விடும். ஃப்ரிட்ஜில் வைத்தும் கெட்டுவிட்டதே என்று நாம் வருந்தும் காய்களில் சில, ஃப்ரிட்ஜில் வைத்ததாலேயே கெட்டவை.

ஃப்ரிட்ஜ் வந்ததும் உறி போனது, பரண் பழைய சாமான்களுக்குப் போனது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஃப்ரிட்ஜில் இருப்பது அத்தனை நாள் தாங்காது. வற்றலும் ஊறுகாயும் தாங்கும்.

நாம் என்ன செய்யலாம்?

காலை வெயில் ஏறுமுன் பறியுங்கள். அடிபட்டதை அன்றே சமையுங்கள், நல்லதோடு சேர்த்து வைக்காதீர்கள். தக்காளியைக் காம்புப் பக்கம் கீழாக வெளியே வையுங்கள். கறிவேப்பிலை, கொத்தமல்லியை ஈரம் போக உலர்த்தி, துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். கத்தரி, வெண்டையை இரண்டு மூன்று நாளுக்கு மேல் சேர்க்காதீர்கள். மிஞ்சுவது வற்றலுக்கு. ஒடித்தால் சடக்கென்று ஒடியும் வரை காய வேண்டும். பூஞ்சை தெரிந்தால் அந்தப் பகுதியை மட்டும் நீக்காமல் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

வற்றலுக்கு வெயில் வேண்டும், வெயிலுக்கு மாடி வேண்டும். தண்ணீர்த் தொட்டி, சோலார் தகடு, டிஷ் ஆன்டெனா எல்லாவற்றுக்கும் மொட்டை மாடியில் இடம் ஒதுக்குகிறோம். பங்குனி, சித்திரை இரண்டு மாதம் மட்டும், நல்ல வெயில் விழும் ஒரு மூலையை வற்றல் காய வைக்க ஒதுக்கினால் என்ன? வலை போட்ட நான்கு கட்டில் சட்டங்கள், முறை வைத்துக் காவல், சாயங்காலம் சுத்தம் செய்யும் பொறுப்பு என்று விதிகளை நாமே எழுதிக்கொள்ளலாம். மோர் மிளகாய் போடத் தெரிந்த பெரியவர்கள் நம் குடியிருப்பில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுச் செய்ய இதுதான் நேரம். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இதைப் பேசுவோம். உங்கள் கருத்தோடு வாருங்கள்.