அறுநூறு துப்பாக்கிகள்

இன்று பட்டுத்தறி ஓசை கேட்கும் சேவூரை ஒட்டிய ஆரணியில், 1751 டிசம்பரில் ஒரு சண்டை நடந்தது. ஆற்காட்டு முற்றுகையைக் கொண்டாடும் பாடநூல்கள் இதை அரை வரியில் கடந்துவிடும். ஆனால் சென்னைக்குக் கணக்கெழுத வந்த ராபர்ட் கிளைவ் எப்படித் தளபதியானார் என்று கேட்டால், அந்த ஐம்பது நாள் முற்றுகையைவிட ஆரணிதான் சரியான பதில் சொல்லும் என்பது என் கட்சி. கிளைவை ஆற்காட்டில் முற்றுகையிட்டு, அது முறிந்து பின்வாங்கிய ராசா சாகிப்பைத் துரத்த, கூலிக்கு வந்த மராட்டியக் குதிரைப்படை கிளைவுக்குத் தேவைப்பட்டது. அவர்களோ மசியவில்லை. புதுச்சேரியிலிருந்து எதிரிக்குப் பெரும் பணம் வருகிறது என்று கேள்விப்பட்ட பிறகே கிளம்பினார்கள். சண்டை நடந்த இடம் சேறு நிறைந்த நெல்வயல். பிரெஞ்சு பீரங்கிகள் நடுவே போன ஒற்றைச் சாலையில் சிக்கித் திணறின. இருட்டும் நேரத்தில் ராசா சாகிப்பின் படை கலைந்தது, ஒரு லட்ச ரூபாய் இருந்த கஜானாப் பெட்டி மராட்டியர் கைக்குப் போனது. அதைவிட முக்கியமானது அடுத்த நாட்களில் நடந்தது. தோற்ற படையின் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து வேலை கேட்டார்கள். நல்ல துப்பாக்கி கொண்டுவந்தவர்களைக் கிளைவ் சேர்த்துக்கொண்டார். மொத்தம் 600 பேர். ஆற்காட்டுக்குள் நுழைந்தபோது அவரிடம் இருந்த சிப்பாய்களோ 300 பேர்தான். ஆரணிக் கோட்டைத் தலைவரான கில்லேதாரும், கிளைவ் ஆதரித்த நவாப் முகமது அலியின் பக்கம் சாய்ந்தார்.

முற்றுகையில் சிப்பாய்கள் சோற்றை வெள்ளையருக்குக் கொடுத்துவிட்டுக் கஞ்சியைக் குடித்தார்களே, அது விசுவாசம் இல்லையா என்று கேட்கலாம். அது நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். அந்த 300 பேரை அது விளக்கும், இந்த 600 பேரை விளக்காது. நூலும் கூலியும் தருகிறவருக்கு நெய்வது தறிக்காரருக்குப் புதிதல்ல. அந்தக் காலச் சிப்பாயும் அப்படித்தான். அதைத் துரோகம் என்பது நம் காலத்து அளவுகோல்.

தேசியவாதி விஷயத்தில் கணக்கு மாறும் என்றால், சீனத்தின் சியாங் கை-ஷேக்கைப் பார்க்கலாம். 1924-இல் வாம்போவா ராணுவப் பள்ளியின் தலைவரான அவர், 1926 ஜூலையில் சுமார் ஒரு லட்சம் பேரோடு வடக்கு நோக்கிப் புறப்பட்டார். ஆண்டு முடிவதற்குள் படை இரண்டு மடங்கைத் தாண்டியது. வாம்போவா மாணவர்கள் கொள்கைக்காக உயிர் கொடுத்தார்கள், அதில் சந்தேகமில்லை. படையைப் பெருக்கியவர்கள் வேறு: காற்று வீசும் திசை பார்த்துக் கட்சி மாறிய பிராந்தியத் தளபதிகள். தொடக்கத்தில் சோவியத் பணம், 1927-இல் ஷாங்காய் வங்கிக்காரர்கள் பணம் என்று படியளந்தவர்களும் மாறினார்கள். கொடி ஒன்றே பிணைத்திருந்தால், அவரோடு சேர்ந்த ஃபெங் யூசியாங்கும் யான் சிஷானும் 1930-இல் அவருக்கு எதிராகவே பெரும் போர் தொடுத்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் தலைவனின் திறமைக்கு ஒன்றுமில்லையா? உண்டு. முதல் வெற்றி அவனுடையது. சேற்று வயலுக்கு நடுவே பீரங்கி சிக்கும் என்று கணிக்க ஒரு கண் வேண்டும். அதற்குப் பிறகு வளர்வது அவனைத் தேடி வந்தவர்களால். வந்தவர்கள் போகவும் செய்வார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்ப் படையில் உயர்ந்து மதுரையில் தனியரசு கண்ட யூசுப் கானை நவாப் முகமது அலி 1764 அக்டோபர் 15-இல் தூக்கிலிட்டார். அவரைப் பிடித்துக் கொடுத்தது அவருடைய ஆட்களே.