சிறுவிலங்குப் படிமவியல் சீர்தரப்படுத்தல்

சிறுவிலங்குப் படிமவியல் சீர்தரப்படுத்தல் என்பது சுண்டெலி, எலி போன்ற ஆய்வு விலங்குகளின் உடலின் உட்பகுதியைப் படமெடுக்கும் முறைகளை வெவ்வேறு ஆய்வுகூடங்களில் ஒரே வகையாக அமைக்கும் முயற்சியாகும். ஓர் ஆய்வுகூடத்தின் அளவீட்டை மற்றோர் ஆய்வுகூடத்தின் அளவீட்டுடன் ஒப்பிட இயலச் செய்வதே இதன் நோக்கம். கருவி, விலங்கைக் கையாளும் முறை, தரவு வடிவம் ஆகிய மூன்றும் இதில் அடங்கும். இவற்றுள் விலங்கைக் கையாளும் முறையைச் சீர்ப்படுத்துவது கடினமானது.

பின்னணி

மருத்துவமனைகளில் உள்ள சி.டி, எம்.ஆர்.ஐ, பெட் வருடிகள் மனித உடலுக்கேற்ப அமைந்தவை. மனித மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோகிராம், சுண்டெலி மூளையின் எடையோ அரை கிராம் அளவே. ஆகவே சிறுவிலங்குகளுக்கெனத் தனி வருடிகள் தேவைப்பட்டன. லாஸ் ஏஞ்சலசில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சைமன் செர்ரியும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய மைக்ரோபெட் வருடியைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை 1997 இல் வெளியானது.

இத்தகைய வருடிகளால் விலங்கைக் கொல்லாமல் பல முறை படமெடுத்து நோயின் போக்கை அறியலாம். இதனால் ஆய்வுக்குத் தேவைப்படும் விலங்குகளின் எண்ணிக்கை குறைகிறது. ஆனால் ஓரிடத்தில் கிடைத்த முடிவு வேறிடத்தில் கிடைக்காவிடின், அதே வினாவுக்காக மேலும் பல விலங்குகள் பயன்படுத்தப்படும். பயனற்ற மருந்து மனிதச் சோதனை வரை செல்லவும் கூடும்.

கருவி அளவீடு

சிறுவிலங்கு பெட் வருடிகளின் செயல்திறனை அளக்க, ஐக்கிய அமெரிக்காவின் தேசிய மின்கருவி உற்பத்தியாளர் சங்கமான நெமா, என்.யு 4-2008 என்னும் சீர்தரத்தை வெளியிட்டது. இதில் விலங்குக்குப் பதிலாகப் போலியுருக்கள் பயன்படுகின்றன. சுண்டெலியைக் குறிக்கும் போலியுரு 70 மி.மீ நீளமும் 25 மி.மீ விட்டமும் கொண்ட நெகிழி உருளையாகும். எலிக்கான போலியுரு 150 மி.மீ நீளமும் 50 மி.மீ விட்டமும் உடையது. படத்தரத்தைச் சோதிக்கும் மற்றொரு போலியுருவில் 1 முதல் 5 மி.மீ வரை விட்டமுள்ள ஐந்து துளைகளில் கதிரியக்கக் கரைசல் நிரப்பப்படும். துளை சிறிதாகும்போது, படத்தில் தெரியும் கதிரியக்க அளவு உண்மையான அளவைவிடக் குறையும். இக்குறைவு எவ்வளவு என்பதைக் கொண்டு வருடிகள் ஒப்பிடப்படுகின்றன.

விலங்கைக் கையாளுதல்

போலியுருவுக்குப் பசியும் குளிரும் இல்லை. உயிருள்ள விலங்கில் இவை முடிவையே மாற்றிவிடும். புற்றுக்கட்டிகளைக் காண எஃப்.டி.ஜி எனும் கதிரியக்கச் சர்க்கரை செலுத்தப்படுகிறது. மனிதருக்கு இதமான அறை வெப்பநிலை சுண்டெலிக்குக் குளிராகும். உடலைச் சூடாக வைத்திருக்க அதன் பழுப்புக் கொழுப்பு எஃப்.டி.ஜியை மிகுதியாக உறிஞ்சும். அதனால் கட்டி தெளிவாகத் தெரியாது. உணவு உண்ட விலங்கின் குருதிச் சர்க்கரையும் எஃப்.டி.ஜியுடன் போட்டியிடும். பட்டினி, வெப்பமூட்டல், மயக்க மருந்து ஆகியவை முடிவுகளைப் பெரிதும் மாற்றுவதை லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வாளர்கள் 2006 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

தரவு வடிவம்

மருத்துவப் படங்களுக்கான டைகாம் சீர்தரம் 1993 இல் அப்பெயரைப் பெற்றது. அது மனித நோயாளியைக் கருதி அமைக்கப்பட்டது. விலங்கின் மயக்க மருந்து, வெப்பமூட்டல், வளர்ப்புச் சூழல் போன்ற விவரங்களைப் படத்துடன் பதிவுசெய்யும் வழி, 187ஆம் துணைச்சேர்க்கை மூலம் பின்னர் ஏற்படுத்தப்பட்டது. முன்பு இவ்விவரங்கள் பெரும்பாலும் ஆய்வாளரின் குறிப்பேட்டிலேயே இருந்தன.

பல மைய ஆய்வுகள்

எலி மூளையின் செயற்பாட்டு எம்.ஆர்.ஐ படங்களுக்காக ஸ்டாண்டர்டுராட் என்னும் பொது நெறிமுறை 2023 இல் வெளியிடப்பட்டது. முதலில் 46 மையங்களின் 65 தரவுத்தொகுதிகள் திரட்டி ஆராயப்பட்டன. அதன் அடிப்படையில் வகுத்த நெறிமுறை 20 மையங்களில் சோதிக்கப்பட்டது. முந்தைய படங்களைவிட, மூளைப் பகுதிகளுக்கிடையே உள்ள தொடர்புகள் இதில் நன்கு வெளிப்பட்டன.

விமர்சனம்

அளவுக்கு மீறிய சீர்மையும் குறையாகலாம். விலங்கு ஆய்வுகளில் இதனைச் சீர்தரப்படுத்தல் வழு என ஹான்னோ வூர்பல் 2000 இல் குறிப்பிட்டார். ஒரே இனம், ஒரே வயது, ஒரே கூண்டு எனச் சுருக்கினால், கிடைக்கும் முடிவு அச்சூழலுக்கு மட்டுமே பொருந்தக்கூடும். எனவே அளவிடும் முறையை ஒன்றாக்கி, விலங்குகளிடையே உள்ள வேறுபாட்டைத் திட்டமிட்டு ஆய்வில் சேர்க்கவேண்டும் என்ற கருத்தும் உள்ளது.